ரிஜெக்ஷன் பெட்டியில் என்ன இருக்கிறது? தொழிற்சாலைத் தரம், தொடர் முன்னேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெஷின் ஷாப்பில் குவாலிட்டி வேலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேரும் பிள்ளைகள், சிறு பட்டறை முதலாளிகள், சில சமயம் ஆபரேட்டர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் வண்டி உதிரிபாகம் செய்யும் பட்டறைகளிலிருந்து வருகின்றன, நான் இருந்த இடம் அது. தையல், பிளாஸ்டிக், அச்சு என்று வேறு தொழிலில் இருப்பவர்கள் பீஸின் பெயரை மட்டும் மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.

தரக் கட்டுப்பாடும் தொடர் முன்னேற்றமும் ஒன்றா?

இல்லை. நேற்று சரியாக வந்த பீஸ் இன்றும் அதே மாதிரி வருகிறதா என்று பார்த்துக்கொள்வது தரக் கட்டுப்பாடு. நேற்றைவிட இன்று கொஞ்சம் சுலபமாக, கொஞ்சம் குறைந்த கழிவோடு வரவைப்பது தொடர் முன்னேற்றம். ஜப்பானில் இதைத்தான் கைசன் என்கிறார்கள்.

முதலாவது இல்லாமல் இரண்டாவது நிற்காது. காலையில் ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு என்று ஆடிக்கொண்டிருக்கும் மெஷினில் நீங்கள் எதையாவது மாற்றினால், பலன் அந்த மாற்றத்தால் வந்ததா, தானாக வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அப்புறம்தான் முன்னேற்றம்.

கடைசியில் எல்லாப் பீஸையும் செக் பண்ணி அனுப்பினால் போதாதா?

போதாது. எல்லாவற்றையும் பார்த்தோம் என்பதற்கு எல்லாத் தப்பையும் பிடித்தோம் என்று அர்த்தம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து ஆயிரத்து இருநூறாவது பீஸைத் திருப்பிப் பார்ப்பவருக்கு மெல்லிய விரிசல் கண்ணில் படாமல் போவது இயற்கை. அவர் அக்கறை இல்லாதவர் என்பதால் அல்ல, மனிதக் கண் அப்படித்தான்.

இன்னொன்று, தப்பான பீஸைச் செய்யவும் அதே இரும்பு, அதே கரண்ட், அதே கூலி செலவாகிவிட்டது. கடைசியில் பிடிப்பதால் அந்தக் காசு திரும்பி வராது.

சகிச்சி டொயோடா 1924-இல் முடித்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அறுந்த நூலோடு பத்து கஜம் நெய்துவிட்டு அப்புறம் துணியைப் பிரித்துப் பார்க்கும் வேலையே இல்லை. அவருடைய குடும்பம் பின்னால் கார் செய்யத் தொடங்கியபோதும் இதே எண்ணம் கூடவே போனது. டொயோட்டா ஆலையில் தன் வேலையில் கோளாறு கண்ட தொழிலாளி தலைக்கு மேலே இருக்கும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம். சிக்கல் உடனே தீரவில்லை என்றால் லைனே நிற்கும். தப்பு பிறந்த இடத்திலேயே பிடிபட வேண்டும் என்பதுதான் இதில் இருக்கும் கணக்கு.

பிரேக், ஸ்டீயரிங் போல உயிர் சம்பந்தப்பட்ட பாகங்களுக்குக் கடைசி செக்கிங் கட்டாயம் வேண்டும். ஆனால் அது கடைசி அரண். அதை மட்டும் நம்பி ஒரு பட்டறையை நடத்த முடியாது.

ரிஜெக்ஷன் போட்ட ஆபரேட்டரின் சம்பளத்தில் பிடித்தால் தப்பு குறையுமா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். என் கண்ணால் பார்த்ததையே சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பட்டறையில் மாசம் ஒரு அளவுக்கு மேல் ரிஜெக்ஷன், அதாவது தப்பாகி ஒதுக்கப்படும் பீஸ், போனால் இன்சென்டிவில் பிடிப்பு என்று அறிவித்தார்கள். அடுத்த மாசமே எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. போர்டில் கோடு கீழே இறங்கியது, மீட்டிங்கில் கை தட்டினோம். நானும் தட்டினேன். மூன்று மாசம் கழித்து ஒரு நாள் கடைசலில் விழும் இரும்புச் சுருள் எடுக்க வந்த ஸ்கிராப் லாரியில் தொட்டியைக் கவிழ்த்தார்கள். சுருளுக்கு நடுவே முழுசு முழுசாகப் புஷ்கள், நாங்கள் செய்யும் குழாய் மாதிரியான சின்ன பாகங்கள், உருண்டு வந்தன. துளை பெரிதானவை, சரிவு தப்பியவை, பாதியில் வெட்டும் முனையான இன்சர்ட் உடைந்து கோடு விழுந்தவை. ரிஜெக்ஷன் ஒன்றுகூடக் குறைந்திருக்கவில்லை. பெட்டியிலிருந்து சுருள் தொட்டிக்கு இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். மூன்று மாசம் எங்களுக்கு வந்திருக்க வேண்டிய தகவல் முழுவதும் அந்தத் தொட்டிக்குள் கிடந்தது.

பயம் வந்த இடத்தில் உண்மை ஒளிந்துகொள்ளும். உண்மை ஒளிந்த இடத்தில் எந்த குவாலிட்டி முறையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் தன் வகுப்புகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் 4,000 மணிகள், அதில் 800 சிவப்பு, மீதி வெள்ளை. 50 குழி உள்ள ஒரு பலகையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு மணிதான் ரிஜெக்ஷன். ஒருவருக்கு 6 சிவப்பு வரும், இன்னொருவருக்கு 14 வரும். 6 எடுத்தவருக்குப் பாராட்டு, 14 எடுத்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் அப்படியே தலைகீழாகும். சராசரி 10 வருவதற்குக் காரணம் பெட்டிக்குள் ஐந்தில் ஒன்று சிவப்பாக இருப்பது. எடுப்பவர் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் அது மாறாது. பெட்டியை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடம் இருக்கிறது, பலகை பிடித்திருப்பவரிடம் இல்லை.

வேண்டுமென்றே அலட்சியமாக இருப்பவரே கிடையாதா என்றால், உண்டு, எப்போதாவது. அதற்கு வேறு வழி இருக்கிறது. அந்த ஒருவருக்காக மீதி நாற்பது பேரையும் மறைக்கப் பழக்காதீர்கள்.

கண்ட்ரோல் சார்ட் என்றால் என்ன? ஆடிட்டருக்குக் காட்டத்தானே அது?

தர முறையைச் சரிபார்க்க வரும் ஆடிட்டருக்காக மட்டும் என்றால் அதை வரையவே வேண்டாம்.

வால்டர் ஷூஹார்ட் என்பவர் 1924 மே மாதம் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுத்த யோசனை இது. எந்த மெஷினும் அச்சு அசலாக ஒரே அளவைத் தராது, கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் எது வழக்கமானது, எது புதிதாக ஏதோ நடந்திருப்பதைக் காட்டுகிறது என்று பிரித்துச் சொல்வதுதான் சார்ட்டின் வேலை.

ஒரு கணக்கு பார்க்கலாம். டிராயிங்கில் விட்டம் 25 மிமீ, கூடக் குறைய 0.02. மணிக்கு ஒரு தடவை அடுத்தடுத்த ஐந்து பீஸ் அளந்து, அவற்றின் சராசரியையும், பெரியதுக்கும் சிறியதுக்கும் உள்ள வித்தியாசத்தையும் குறிக்கிறோம். இருபத்தைந்து தடவை குறித்தபின் மொத்தச் சராசரி 25.004, வித்தியாசத்தின் சராசரி 0.008 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பீஸ் குழுவுக்கு அட்டவணையில் உள்ள எண் 0.577. அதை 0.008-ஆல் பெருக்கினால் 0.0046. ஆக மேல் எல்லை 25.0086, கீழ் எல்லை 24.9994. சராசரிப் புள்ளி இந்த இரண்டு கோட்டுக்குள் ஆடும்வரை, மெஷினில் அளவைத் திருத்தும் எண்ணான ஆஃப்செட்டில் கை வைக்கக் கூடாது. வெளியே போனால் மெஷினை நிறுத்திக் காரணம் தேட வேண்டும்.

கை வைக்காமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஒரு பீஸ் இரண்டு மைக்ரான் (0.002 மிமீ) கூடினால் ஆஃப்செட்டைக் குறைப்பது, அடுத்தது குறைந்தால் கூட்டுவது என்று நல்ல எண்ணத்தோடு செய்துகொண்டே இருப்பார்கள். அதனால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.

சார்ட் போட்டு உண்மையிலேயே ஏதாவது கண்டுபிடித்திருக்கிறீர்களா?

ஒன்றைச் சொல்கிறேன். ஒரு துளை அளவு தினமும் மத்தியானத்துக்கு மேல் தப்பிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர், "சாப்பிட்டு வந்த மயக்கம், வேறென்ன" என்று முடித்துவிட்டார். மூன்று ஷிஃப்ட் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ராத்திரி சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும், விடியற்காலை டீக்குப் பிறகும்கூட முதல் ஆறேழு பீஸ் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தன. அப்புறம் தானாகச் சரியாகிவிட்டன.

மெஷினில் நின்ற அண்ணனிடம் சார்ட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தவர் சொன்னார்: "தூங்குறது நான் இல்ல சார். அரை மணி நேரம் நிறுத்துறோம்ல, மெஷின் சூடு ஆறிப்போகுது." அதேதான். ஓடி ஓடிச் சூடேறிய ஸ்பிண்டிலுக்கு (மெஷினில் சுழலும் தண்டு)ச் சரியாக வைத்த ஆஃப்செட், ஆறிய ஸ்பிண்டிலுக்குப் பொருந்தவில்லை. இடைவேளையில் பீஸ் இல்லாமல் ஸ்பிண்டிலை ஓடவிட ஒரு சின்ன புரோகிராம் போட்டோம். அந்த ரிஜெக்ஷன் அத்தோடு நின்றது. அவருக்கு இது முன்பே தெரியும். யாரும் கேட்கவில்லை.

கஸ்டமர் சிபிகே 1.33 வேண்டும், 1.67 வேண்டும் என்கிறார்கள். அது என்ன?

உங்கள் மெஷினின் ஆட்டம் டிராயிங் எல்லைக்குள் எவ்வளவு தாராளமாக அடங்குகிறது என்பதற்கான எண். மேலே சொன்ன கணக்கிலேயே பார்க்கலாம். 0.008-ஐ அதே அட்டவணையில் உள்ள இன்னொரு எண்ணான 2.326-ஆல் வகுத்தால், ஆட்டத்தை அளக்கும் சிக்மா ஒன்று சுமார் 0.00344. டிராயிங் தரும் மொத்த இடம் 0.04, ஆட்டம் ஆறு சிக்மா, அதாவது 0.0206. வகுத்தால் சிபி, அதாவது சராசரி நடுவில் இருந்தால் கிடைக்கும் எண், 1.94. ஆனால் சராசரி 25.004-இல் இருக்கிறது, நடுவில் இல்லை. டிராயிங்கின் மேல் எல்லையான 25.02-க்கு மீதி இருக்கும் 0.016-ஐ மூன்று சிக்மாவால் வகுத்தால் சிபிகே 1.55.

1.67 கேட்டவருக்கு இது போதாது. அதற்காக உடனே புது மெஷின் வாங்க ஓடாதீர்கள். சராசரியை நான்கு மைக்ரான் நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தால் அதே மெஷின் 1.94 தரும்.

அளக்கும் கருவியையே சந்தேகப்படலாமா?

முதலில் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஒரே பீஸை மூன்று பேரிடம் கொடுத்து, முதலில் அளந்தது தெரியாமல் இரண்டு மூன்று தடவை அளக்கச் சொல்லுங்கள். வரும் வித்தியாசத்தைப் பார்த்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். அளவையால் வரும் ஆட்டம் டிராயிங் தரும் மொத்த இடத்தில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. முப்பதைத் தாண்டினால் அந்தக் கருவியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம், வெயில். நீள அளவைகளுக்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. மெஷினிலிருந்து 35 டிகிரியில் கையில் வரும் 100 மிமீ அலுமினிய பீஸ், 20 டிகிரியில் இருப்பதைவிடச் சுமார் 0.034 மிமீ நீளமாக இருக்கும். இரும்பு என்றால் அதில் ஏறக்குறைய பாதி. ஷாப்பில் சரி என்று அனுப்பிய பீஸ் கஸ்டமரின் ஏசி அறையில் குறைவாக வந்து, நீயா நானா என்று சண்டை நடக்கும். இரண்டு பேருமே சரியாகத்தான் அளந்திருப்பார்கள்.

ஐந்து முறை 'ஏன்' கேட்பது வேலைக்கு ஆகுமா? எங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்றே முடிகிறது.

அப்படி முடிந்தால் ஐந்து தடவை கேட்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

டொயோட்டாவின் தைச்சி ஓனோ சொன்ன உதாரணம் இன்றும் நல்ல பாடம். மெஷின் நின்றது. ஏன்? சுமை கூடி ஃபியூஸ் போனது. ஏன் சுமை கூடியது? பேரிங்கில் எண்ணெய் பற்றவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லை, இரும்புத்தூள் உள்ளே போயிருக்கிறது. ஃபியூஸை மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த மாசம் மறுபடியும் நின்றிருக்கும். வடிகட்டி போட்டால் தீர்ந்தது.

'ஏன்' என்பதற்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வந்தால், இன்னொரு தடவை கேளுங்கள். அவர் ஏன் மறந்தார்? மறக்க முடிகிற மாதிரி ஏன் வேலை அமைந்திருக்கிறது?

போகா யோகே என்பது அதற்குத்தானா?

அதற்கேதான். 1961-இல் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ ஒரு மின்சாதன ஆலைக்குப் போனார். இரண்டு பொத்தான் உள்ள சின்ன சுவிட்ச். ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழேயும் ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும், சில சமயம் ஒன்றை மறந்துவிடுவார்கள். அவர் செய்தது இவ்வளவுதான்: வேலை தொடங்கும் முன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங் எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைக்கச் சொன்னார். சுவிட்ச் முடிந்தபின் தட்டில் ஒன்று மிச்சமிருந்தால் மறந்தது அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் இதற்கு அவர் வைத்த பெயர் 'பாகா யோகே', முட்டாளைத் தடுப்பது என்று பொருள். 1963-இல் வேறொரு ஆலையில் இதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். அதன்பிறகுதான் 'கைத்தவறைத் தடுப்பது' என்று பொருள் வரும்படி போகா யோகே என்று மாற்றினார். ஒரு சொல்லை மாற்ற அவர் காட்டிய அந்த அக்கறை எனக்கு அவருடைய எல்லாக் கண்டுபிடிப்பைவிடவும் பெரிதாகத் தெரிகிறது.

இதற்குச் செலவும் அதிகம் ஆகாது. பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரில் ஒரு ஓரமாக ஆறு மிமீ பின் ஒன்று அடித்தாலே பீஸைத் தலைகீழாக மாட்ட முடியாமல் செய்துவிடலாம்.

ஃபைவ் எஸ் என்றால் கூட்டிப் பெருக்குவதுதானே?

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பட்டறையை நினைத்துப் பாருங்கள். வேண்டாததைத் தூக்கிப் போடுகிறோம், சாமானை இடத்தில் வைக்கிறோம், மெஷினைத் துடைத்துக் கழுவுகிறோம். ஒரு வருஷமாகத் தேடிய ஆலன் கீ மெஷின் படுகைக்கு அடியில் கிடைக்கும். அதே நாளில் எங்கே எண்ணெய் கசிகிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்பதும் கண்ணில் படும். ஃபைவ் எஸ் என்பது ஐந்து படிகள். பிரித்தல், அடுக்குதல், துடைத்தல் ஆகிய முதல் மூன்றும் இதுதான். அதைத் தினமும் பத்து நிமிஷம் ஒரே மாதிரி செய்வதும், யாரும் சொல்லாமலே பழக்கமாவதும் மீதி இரண்டு. அழுக்கில்லாத தரையில்தான் புதிய எண்ணெய்த் துளி தெரியும். அழகு அப்புறம்.

கைசன் பெட்டி வைத்தோம், யாரும் ஒன்றும் எழுதிப் போடவில்லை. ஏன்?

முதலில் போட்ட இரண்டு சீட்டுக்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் வந்திருக்காது.

பெரிய யோசனையை எதிர்பார்ப்பதும் ஒரு தடை. எனக்கு நினைவில் நிற்கும் கைசன் ஒரு ஹெல்பர் சொன்னது. பீஸ் தட்டு தரையில் இருந்தது. ஒவ்வொரு பீஸுக்கும் குனிந்து நிமிர வேண்டும். "இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்ட் கிடைக்குமா சார்?" என்று கேட்டார். கிடந்த ஆங்கிளை வெட்டி அன்றைக்கே வெல்டிங் வைத்துக் கொடுத்தோம். அவருக்கு முதுகு வலி போனது. தட்டில் தொப்பென்று போடுவது நின்றதால் பீஸில் விழும் அடித்தழும்பும் குறைந்தது. அடுத்த வாரம் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

யோசனை வந்தால் மூன்று நாளுக்குள் பதில் சொல்லுங்கள். முடியாது என்றாலும் நேரில் போய்க் காரணம் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவர் வாயால் சொல்லட்டும், சூப்பர்வைசர் எழுதிக்கொள்ளலாம்.

ஐஎஸ்ஓ சான்றிதழ் வாங்கினால் தரம் வந்துவிடுமா?

வராது. 1987-இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 9001 நீங்கள் வேலையை நடத்தும் முறைக்கான தரநிலை, உங்கள் பீஸுக்குத் தரும் முத்திரை அல்ல. வாகனத் துறைக்கு ஐஏடிஎஃப் 16949 உண்டு. இரண்டுமே நல்ல எலும்புக்கூடுகள். ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி மூன்று மாச சார்ட்டை ஒரே பேனாவில் நிரப்புகிற இடத்தில் அவற்றுக்கு உயிர் இருக்காது.

இதெல்லாம் ஜப்பானுக்குச் சரி. நம் ஊரில் நடக்குமா?

நடந்திருக்கிறது. டெமிங் 1950-இல் ஜப்பானில் பாடம் எடுத்தார், அடுத்த வருஷம் அவர் பெயரில் அங்கே பரிசு ஏற்படுத்தினார்கள். அந்த டெமிங் பரிசை 1998-இல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக வாங்கியது அப்போது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. 2002-இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. பிறகு ரானே குழுமம் உட்படச் சென்னையைச் சுற்றியுள்ள பல உதிரிபாக நிறுவனங்களும் வாங்கின. அங்கே மெஷினில் நின்றவர்கள் நம் ஐடிஐகளில் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

தொழிலாளர்கள் சின்னக் குழுவாக உட்கார்ந்து தங்கள் சிக்கலைத் தாங்களே தீர்க்கும் தரவட்டங்களைப் பேராசிரியர் இஷிகாவா 1962-இல் ஜப்பானில் தொடங்கிவைத்தார். ஹைதராபாத் பெல் (பிஎச்இஎல்) ஆலையில் 1980-லேயே அவை வந்துவிட்டன.

பத்து பேர் வேலை செய்யும் பட்டறை என்னுடையது. எங்கே தொடங்குவது?

ஒரே ஒரு பீஸை எடுத்துக்கொள்ளுங்கள், அதிகம் ரிஜெக்ஷன் ஆவதை. ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு நோட்டு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் விழுந்த பீஸ் எத்தனை, என்ன தப்பு, எந்த நேரம் என்று மூன்று விஷயம் மட்டும் எழுதச் சொல்லுங்கள். ஆபரேட்டர் பெயருக்கு அந்த நோட்டில் கட்டமே வேண்டாம். தினமும் காலையில் பத்து நிமிஷம், பெட்டியிலிருந்து பீஸை எடுத்து மேஜையில் பரப்பி, மெஷினில் நிற்பவர்களோடு நின்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வகைத் தப்புதான் பெட்டியை நிரப்பியிருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தீர்க்கும்வரை விடாதீர்கள்.

முதல் வாரம் எண்ணிக்கை கூடும். பயப்பட வேண்டாம், இதுவரை வேறெங்கோ போய்க்கொண்டிருந்த பீஸ்கள் இப்போதுதான் பெட்டிக்கு வருகின்றன. அந்த வாரம் யாரையும் ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நோட்டில் சுத்தமான பக்கங்கள்தான் மிஞ்சும்.